ஆணியில் தொங்கிய ஹேண்டில்

போன மாதம் மகள் தன் காருக்குப் புதிதாக ஒன்றைப் பூட்டிக்கொண்டு வந்தாள். அதற்காக ஆயர் குரோவில் ஒரு பட்டறையில் அரை நாள் உட்கார்ந்திருந்தாளாம். சாவிக்கொத்தில் ஒரு பொத்தான். வீட்டுக்குள் நின்று அதை அமுக்கினால் வாசலில் நிற்கும் கார் ஆளில்லாமலே உறுமுகிறது. இவள் செருப்பை மாட்டிக்கொண்டு போய் ஏறுவதற்குள் உள்ளே குளிர்ந்திருக்குமாம். "பாருங்கம்மா, பாருங்க" என்று நாலு தடவை அமுக்கிக் காட்டினாள். நான் காரைப் பார்க்கவில்லை. காருக்கு முன்னால் யாராவது நிற்கிறார்களா என்றுதான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"கியரை எடுத்துட்டியா?" என்று கேட்டேன்.

அவள் சிரித்தாள். "இது ஆட்டோ கார்மா. அதெல்லாம் அதுவே பார்த்துக்கும்."

அதுவே பார்த்துக்கொள்ளுமாம். நல்லதுதான். எங்கள் காலத்தில் எதுவும் தன்னைத்தானே பார்த்துக்கொண்டதில்லை. எல்லாவற்றையும் நாங்கள்தான் பார்க்க வேண்டியிருந்தது. பார்த்துப் பார்த்துக் களைத்துப்போனோம். அந்தக் களைப்பைப் பற்றியும், அதன் நடுவே நான் செய்த ஒரு காரியத்தைப் பற்றியும் எழுதிவைத்துவிட வேண்டும் என்று அன்றைக்குத் தோன்றியது. எழுபத்தைந்து வயதைத் தாண்டிவிட்டேன். இன்னும் தள்ளிப்போட்டால் கை நடுங்க ஆரம்பித்துவிடும்.

என் வீட்டுக்காரர் வாடகைக் கார் ஓட்டினார். காஜா பேராங்கில் பலகை வீடு, தகரக் கூரை. வீட்டுக்குப் பக்கவாட்டில் கார் நிற்கும் இடம். அந்த இடம் ரோட்டை நோக்கிச் சற்றுச் சரிந்திருக்கும். ரோட்டோரத்தில் லோங்காங், அதாவது இடுப்பளவு ஆழமான சாக்கடைக் கால்வாய். கார் கறுப்பு நிறம், ஆங்கிலேயர் நாட்டுக் கார், சண்டைக்கு முந்தியது. ஜப்பான்காரன் காலத்தில் சக்கரங்களைக் கழற்றி ஒரு ரப்பர் புகைக்கூடத்துக்குள் மறைத்து வைத்திருந்தார்களாம். வெளியே வந்தபோது அதில் பாதி உயிர்தான் இருந்தது. ஸ்டார்ட்டர் எரிந்துபோயிருந்தது. கைப் பிரேக் பிடிக்காது. அதனால் நிறுத்தும்போதெல்லாம் முதல் கியரில் போட்டு, முன்சக்கரங்களுக்கு முன்னால் ஒவ்வொரு செங்கல் வைப்பார். அந்த வழக்கத்தை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

ஸ்டார்ட்டர் இல்லாத காரை முன்னால் ஹேண்டிலைச் சொருகிச் சுற்றித்தான் கிளப்ப வேண்டும். ஒரு மழைக்காலக் காலையில் அந்த ஹேண்டில் திருப்பி அடித்து அவருடைய வலது மணிக்கட்டை முறித்துவிட்டது. எலும்பு வைத்தியர் கட்டுப்போட்டார், எலும்பும் சேர்ந்தது, ஆனால் கோணலாகச் சேர்ந்தது. ஸ்டியரிங்கைப் பிடிக்கலாம், சாப்பிடலாம். இழுத்துச் சுற்றுகிற பலம் போய்விட்டது. கார் கிளம்பாவிட்டால் சோறு இல்லை. ஆகவே அடுத்த வாரத்திலிருந்து நான் சுற்றினேன்.

கட்டைவிரலைச் சுற்றிப் பிடிக்கக் கூடாது, மற்ற விரல்களோடு சேர்த்தே வைக்க வேண்டும். கீழிருந்து மேலே இழுக்கலாம், மேலிருந்து கீழே அமுக்கக் கூடாது. இதெல்லாம் அவர் சொல்லித் தந்தது. குளிர்ந்த என்ஜின் பிடிக்கக் காற்றைக் குறைக்கிற சோக் கம்பியும் அறுந்துபோயிருந்ததால், அவர் என்ஜின் மூடியைத் திறந்துவைத்துப் பக்கத்தில் நின்றுகொண்டு, காற்றுப் போகிற கார்ப்பரேட்டர் வாயை இடது உள்ளங்கையால் அடைப்பார். "இழு" என்பார். இழுப்பேன். "இன்னொண்ணு" என்பார். ஒன்று, இரண்டு, பத்து, மழை நாளானால் இருபது. சேலை கட்டிக்கொண்டு முடியாதென்று சாரோங் கட்டிக்கொண்டேன்.

பெண்பிள்ளை கார் சுற்றுகிறாள் என்று வேடிக்கை பார்க்க ஆரம்பத்தில் ஆட்கள் வந்தார்கள். உஜோங் பாசிருக்கு வேலைக்குப் போகிற ஒருத்தர் சைக்கிளை நிறுத்திவிட்டே பார்ப்பார். இத்தனை பேர் பார்த்தார்களே, ஒருத்தராவது வந்து "நகருங்கம்மா, நான் ஒரு சுற்று சுற்றுறேன்" என்றதில்லை. அந்தக் கோபம் எனக்கு இன்னும் ஆறவில்லை.

சுற்றி முடித்தால் அத்தோடு விட்டுவிடுமா? அடுப்பு, துணி, தண்ணீர், சாயங்காலம் அவர் வந்ததும் காரின் உள்பக்கத்தைத் துடைப்பது. படுத்தால் தோள்பட்டை தூங்க விடாது. எனக்கு அப்போது இருபத்தைந்து வயதுகூட ஆகவில்லை. கிழவிகள் உட்காரும்போது போடுகிற சத்தத்தை நான் அப்போதே போட ஆரம்பித்திருந்தேன்.

சுதந்திரத்துக்கு முந்தின வருடம் எனக்கு ஐந்தாம் மாதத்தில் கலைந்தது. அந்த வாரம் முழுக்க மழை. ஒவ்வொரு காலையும் இருபது இழுப்புக்குக் குறையாது. ஆஸ்பத்திரியில் நர்ஸ், "கனமான வேலை ஏதாச்சும் செஞ்சீங்களா?" என்று கேட்டாள். "வீட்டு வேலைதான்" என்றேன். அவர் எனக்குப் பின்னால் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். ஹேண்டிலால்தான் போயிற்று என்று யாரும் சொல்லவில்லை. எனக்கும் இன்றுவரை நிச்சயமாகத் தெரியாது. ஆனால் வீட்டுக்குத் திரும்பிய அன்று அவர் என் கைகளைப் பிடித்து உள்ளங்கையைத் திருப்பிப் பார்த்தார். காய்ப்புக் காய்த்துப்போயிருந்தது.

மறுபடி உண்டானேன். சுதந்திரம் வரப்போகிற வருடம் அது. ஊரெல்லாம் அதே பேச்சு. அவரிடம் சொன்னபோது சிரிப்பார் என்று எதிர்பார்த்தேன். எழுந்து போய்க் காருக்குள் உட்கார்ந்துகொண்டார். திரும்பி வந்து, "இனிமே நீ அந்த வண்டிப் பக்கமே வரக் கூடாது" என்றார்.

"அப்ப யாரு சுத்துறது? உங்க ஆத்தாவா?"

"நான் பார்த்துக்கறேன்."

பார்த்துக்கொண்ட லட்சணம் கொஞ்ச நாளைக்குத் தெரு வேடிக்கையாக இருந்தது. தெரிந்தவர், தெரியாதவர், பாசா என்கிற சந்தைக்குப் போகிறவர் என்று எல்லோரையும் கெஞ்சிக் காரைத் தள்ள வைப்பார். தள்ளுகிற ஆள் இல்லாத நாளில் சவாரி இல்லை. இரண்டு நாள் நானே பொறுக்க முடியாமல் ஹேண்டிலை எடுத்துக்கொண்டு போனேன். பக்கத்து வீட்டு அம்மா வேலியைத் தாண்டி வந்து அதை என் கையிலிருந்து பிடுங்கிக்கொண்டு போய்விட்டார். அவர்கள் மலாக்காச் செட்டிக் குடும்பம். சாமி நம் சாமி, பேச்சு மலாய். அந்த அம்மா அன்று மலாயில் என்னைத் திட்டியதில் பாதி எனக்குப் புரியவில்லை. புரிந்த பாதியே போதுமானதாக இருந்தது.

அதற்குப் பிறகுதான் அவர் ஒரு வயர்மேனை அழைத்து வந்தார். பஸ் டிப்போவில் வேலை செய்த சீனர், ஐம்பது வயது இருக்கும், எந்த நேரமும் உதட்டில் அணைந்த சிகரெட். புக்கிட் ரம்பாய்ப் பக்கம் இதே மாதிரிக் கார் ஒன்று உடைந்து கிடந்ததாம். அதன் ஸ்டார்ட்டரைக் கழற்றிச் சாக்கில் சுற்றிக் கொண்டுவந்திருந்தார். இருவரும் காருக்கு அடியில் படுத்து ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுவதும் முட்டி மோதிக்கொண்டிருந்தார்கள். பழைய ஸ்டார்ட்டரின் இரண்டு போல்ட்டைக் கழற்றவே மத்தியானமாகிவிட்டது. புதியதைப் பொருத்திக் கம்பியைத் தொட்டுப் பார்த்தால் வெறுமனே "கீர்" என்று சுற்றியது, என்ஜின் அசையவில்லை. ஸ்டார்ட்டரின் பல்சக்கரம் பிசுக்கு ஏறி முன்னால் வராமல் நிற்கிறது என்று கழற்றி, என் அடுப்பு மண்ணெண்ணெயை வாங்கிக் கழுவினார்கள். மறு ஞாயிறு மறுபடி பூட்டினார்கள். அன்றைக்குப் பல் சென்று பிடித்து என்ஜின் எழுந்தது. என் வீட்டுக்காரர் காருக்கு அடியிலிருந்தே கத்தினார்.

அத்தோடு விட்டிருக்கலாம். ஆனால் ஈர நாட்களில் கார்ப்பரேட்டர் வாயை அடைக்க ஒரு ஆள் என்ஜின் பக்கம் நின்றுதான் ஆக வேண்டும். அதே நேரத்தில் ஸ்டார்ட்டரை இன்னொரு ஆள் அமுக்க வேண்டும். அந்த இன்னொரு ஆள் நான்தான், வேறு யார்? எனக்கோ எண்ணெய் வாடை பட்டாலே குமட்டிக்கொண்டு வரும். ஒரு நாள் எரிச்சலில், "அடுப்படியில நின்னுக்கிட்டே ஸ்டார்ட் பண்ற மாதிரி ஏதாச்சும் செஞ்சு குடுங்க, அமுக்கறேன்" என்று சொல்லிவைத்தேன். மனுஷன் அதை நிஜமென்று எடுத்துக்கொண்டு வயர்மேனிடம் போய்ச் சொல்லியிருக்கிறார்.

வயர்மேன் சிகரெட்டை ஒரு ஓரத்திலிருந்து இன்னொரு ஓரத்துக்குத் தள்ளிவிட்டு, "போலே" என்றார். முடியும் என்று அர்த்தம். பேட்டரிக்குப் பக்கத்தில் உள்ளங்கை அகலத்தில் ஒரு டப்பாவைப் பூட்டினார். தடித்த கம்பி அந்த டப்பா வழியாக ஸ்டார்ட்டருக்குப் போயிற்று. டப்பாவிலிருந்து ஒரு மெல்லிய கம்பி காரின் முன்பக்கத்துக்கு வந்து ஒரு பிளக்கில் முடிந்தது. அந்தப் பிளக்கில் சொருகுகிற இன்னொரு கம்பியைச் சுவரோரமாக ஆணி அடித்துக் கொண்டுவந்து, சமையலறை ஜன்னல் வழியாக உள்ளே விட்டு, அடுப்புக்குப் பக்கத்தில் பணக்கார வீட்டு வாசலில் இருக்கிற மணிப் பொத்தான் ஒன்றில் முடித்தார். கார் கிளம்பியதும் பிளக்கை உருவிவிட்டு அவர் ஓட்டிக்கொண்டு போய்விடலாம்.

எல்லாம் முடிந்ததும் வயர்மேன் என்னைக் கூப்பிட்டு, விரலை நீட்டி, ஒவ்வொரு சொல்லாக நிறுத்திச் சொன்னார்: "கியர் கோசோங். பாரு தெக்கான்." கியர் காலியாக இருக்க வேண்டும், அதற்கப்புறம்தான் அமுக்க வேண்டும். மூன்று தடவை என்னையும் சொல்ல வைத்தார். ஆளில்லாத கார் கியரில் நின்றால், அமுக்கினதும் முன்னால் பாயும் என்று கையைத் தட்டிக் காட்டினார்.

வீட்டுக்காரர் பொத்தானைத் துடைத்துவிட்டு, "இந்தா, நாட்டுக்கு முந்தி உனக்கு மெர்டேக்கா" என்றார். மெர்டேக்கா என்றால் சுதந்திரம். எனக்குச் சிரிப்பு வந்தது, அழுகையும் வந்தது. நான் கேட்டது ஓய்வு. கிடைத்தது ஒரு பொத்தான். ஆனாலும் அந்தக் கோணல் கையை வைத்துக்கொண்டு இரண்டு ஞாயிறு காருக்கு அடியில் கிடந்தாரே. எனக்காகவும், வயிற்றில் இருந்ததற்காகவும் கிடந்தார். அவர் மேல் எனக்கு அன்றைக்கு இருந்த ஆசையை வேறு எந்த நாளிலும் நான் உணர்ந்ததில்லை.

ஜன்னலிலிருந்து பார்த்தால் கார் தெரியும், கியர்க் கம்பு தெரியாது. அதனால் நான் ஒரு ஏற்பாடு செய்தேன். ஹேண்டில் காருக்குள் முன் இருக்கைக்கு அடியில் இருக்கும். அவர் காலையில் காருக்குள் ஏறிக் கியரைக் காலி செய்த கையோடு, ஹேண்டிலை எடுத்துக்கொண்டு வந்து சமையலறைக் கதவோரத்து ஆணியில் மாட்ட வேண்டும். ஹேண்டில் ஆணியில் இருந்தால் கியர் காலி. ஆணி வெறுமனே இருந்தால் அவர் தொண்டை கிழியக் கத்தினாலும் நான் அமுக்க மாட்டேன். சாயங்காலம் வந்து கியரில் போட்டதும் ஹேண்டிலை எடுத்துப் போய்க் காரில் வைத்துவிடுவார்.

ஒரு தடவை அந்த ஏற்பாடு எங்களைக் காப்பாற்றியது. அவசரச் சவாரி. "தெக்கான்!" என்று கத்தினார். ஆணியைப் பார்த்தேன், வெறும் ஆணி. "ஹேண்டில் எங்க?" என்றேன். "அமுக்குடி, நேரமாச்சு!" என்றார். "ஹேண்டில் எங்க?" என்றேன் மறுபடியும். முணுமுணுத்துக்கொண்டே காருக்குள் எட்டிப் பார்த்தவர் அப்படியே நின்றுவிட்டார். கியர் விழுந்தே இருந்தது. அன்று வீட்டுக்கு வரும்போது எனக்குப் பிடித்த பூத்து மாயாம், நம் இடியாப்பம்தான், வாங்கி வந்தார். வண்டியை எடுக்கும்போது ஒன்றையும் மறக்காத ஆள் என்று டிரைவர்களுக்குள் அவருக்குப் பேர். அவர் மறந்து நான் கண்டது அதுதான் முதல் தடவை.

சுதந்திரம் வந்தது. அன்று விடியற்காலையிலிருந்து திடலுக்கு ஆட்களை ஏற்றிக்கொண்டு போனார். நான் பக்கத்து வீட்டு ரேடியோவைச் சமையலறையிலிருந்தே கேட்டேன். கால் வீங்கியிருந்தது. ஆனால் போன தடவை கலைந்த மாதத்தைத் தாண்டிவிட்டிருந்தேன். எனக்கு நாட்டைப் பற்றிய சந்தோஷத்தைவிட அதுதான் பெரிதாக இருந்தது. இப்படிச் சொல்வதற்கு வெட்கமாக இருந்தாலும் அதுதான் உண்மை.

அதற்கு ஒரு மாதம் கழித்து ஆயுத பூஜை வந்தது. டிரைவர் வீட்டில் தீபாவளிக்கு அடுத்த பெரிய நாள் அதுதான். காலையில் அவர் பாசாவுக்குப் போய் வாழைக்கன்று, பூ, பொரி எல்லாம் வாங்கி வந்தார். காரைக் கழுவினோம், அவர் கழுவினார், நான் உட்கார்ந்து குறை சொன்னேன். பூஜை முடிந்ததும் எலுமிச்சம்பழத்தின் மேல் சக்கரம் ஏறி நசுக்க வேண்டும் என்பது வழக்கம். பழம் வைக்கிற இடத்தில் செங்கல் இருக்கக் கூடாதே என்று இரண்டு செங்கல்லையும் எடுத்துத் தூரப் போட்டார். செங்கல் இல்லாததால், கார் உருண்டுவிடாமல் இருக்க முதல் கியரில் அழுத்திப் போட்டிருந்தார்.

ஸ்பானர், ஜாக்கி, அரிவாள்மனை, கத்தரிக்கோல், ஹேண்டில் என்று வீட்டில் இருந்த ஆயுதங்களையெல்லாம் சாமி படத்துக்கு முன்னால் வாழையிலையில் அடுக்கினோம். எல்லாவற்றுக்கும் நான்தான் சந்தனம் குங்குமம் வைத்தேன். உள்ளே பூஜை முடிந்தது. அவர் கற்பூரத் தட்டை எடுத்துக்கொண்டு காருக்குத் தீபம் காட்ட வெளியே போனார். வாசலில் பக்கத்து வீட்டு அம்மா, இரண்டு டிரைவர்கள், தெருக்காரர்கள் கொஞ்சம் பேர் நின்றிருந்தார்கள்.

நான் உள்ளே இலையை எடுத்து ஒதுங்கவைத்தேன். குனிய முடியவில்லை, இருந்தாலும் பரப்பிப் போட்டபடியே விட்டுவிட மனசு கேட்கவில்லை. அரிவாள்மனையை அதன் இடத்தில் வைத்தேன். கத்தரிக்கோலைத் தையல் பெட்டியில் வைத்தேன். ஹேண்டிலை எடுத்து ஆணியில் மாட்டினேன். எதற்கு எது இடமோ அங்கே வைத்தேன், அவ்வளவுதான். தினம் காலையில் அந்த ஆணியில் ஹேண்டிலைப் பார்த்துப் பழகியிருந்த கண். வேறொன்றும் என் மனசில் இல்லை, களைப்பைத் தவிர.

வெளியே அவர் வந்தவர்களுக்கு எங்கள் பொத்தானைக் காட்ட ஆசைப்பட்டிருக்கிறார். காலையில் ஓடிய என்ஜின் சூடாகவே இருந்ததால் கார்ப்பரேட்டர் வாயை அடைக்க வேண்டிய தேவை இல்லை. பிளக்கைச் சொருகிவிட்டு, கார் ஜன்னல் வழியாகக் கையை விட்டுச் சாவியை மட்டும் திருப்பினார். பிறகு காருக்கு நேர் முன்னால் தட்டோடு வந்து நின்று, "பாருங்க, உள்ள ஆளே இல்ல, தானா கிளம்பும்" என்று சொல்லிவிட்டுக் குரல் கொடுத்தார். "தெக்கான்!"

நான் ஆணியைப் பார்த்தேன். ஹேண்டில் இருந்தது. அமுக்கினேன்.

கார் உறுமவில்லை; பாய்ந்தது. எலுமிச்சம்பழம் நசுங்கிய சத்தம் எனக்குக் கேட்டது, அல்லது கேட்டதாகப் பின்னால் நினைத்துக்கொண்டேனோ தெரியாது. சுவரில் அடித்திருந்த கம்பி விறைத்து, பிளக் பிடுங்கிக்கொண்டது. அவர் ஒரு பக்கமாகத் தாவினார். வலது கால் தப்பியது, இடது கால் பம்பருக்கும் லோங்காங் கரைக்கும் நடுவில் மாட்டிக்கொண்டது. முன்சக்கரம் லோங்காங்குக்குள் இறங்கியதும் என்ஜின் நின்றது. கற்பூரம் ரோட்டில் எரிந்துகொண்டிருந்தது.

நான் ஓடினேன். பக்கத்து வீட்டு அம்மா இரண்டு கையையும் விரித்து, "ஜாங்ஙான் லாரி!" என்று அலறினார். ஓடாதே என்று சொல்கிறார். என்னை அப்படியே கட்டிப்பிடித்து வாசற்படியில் உட்காரவைத்துவிட்டார். டிரைவர்கள் காரைத் தூக்கினார்கள். அவருடைய முழங்காலுக்குக் கீழே கால் வேறொரு திசையில் இருந்தது.

அந்தப் படியில் உட்கார்ந்துதான் என் விரலைப் பார்த்தேன். விரல் நுனியில் ஈரச் சந்தனம். தலையைத் திருப்பிச் சமையலறைக் கதவைப் பார்த்தேன். ஹேண்டிலில் நான் வைத்த சந்தனமும் குங்குமமும் கலையாமல் இருந்தன. என் வயிற்றுக்குள் பிள்ளை ஒரு உதை உதைத்தது.

அவரை ஒரு பலகையில் கிடத்தி அந்த டிரைவர்களில் ஒருவரின் காரில் ஏற்றினார்கள். வலியில் முகம் சாம்பல் நிறத்துக்குப் போயிருந்தது. அந்த நிலையிலும் என்னைத்தான் தேடினார். நான் அழுகிறதைப் பார்த்துவிட்டு, "அழுவாத. உன் தப்பு இல்ல. ஆணியைப் பார்க்காம நீ அமுக்க மாட்ட. நான்தான் கியரை எடுக்காம ஹேண்டிலைக் கொண்டாந்து மாட்டியிருக்கேன். மறந்துட்டேன்" என்றார். பிறகு பக்கத்து வீட்டு அம்மாவைப் பார்த்து மலாயில், இவளை அழவிடாதீர்கள், பிள்ளைக்கு ஆகாது என்றார்.

நான் வாயைத் திறந்தேன். "பேசாத, பேசாத" என்று அந்த அம்மா தனக்குத் தெரிந்த இரண்டு தமிழ்ச் சொல்லைச் சொல்லி என் முதுகைத் தடவினார். கார் போய்விட்டது.

ஆஸ்பத்திரியில் அவர் ஆறு வாரம் கிடந்தார். ஒவ்வொரு நாளும் சோறு கொண்டுபோனேன். ஒவ்வொரு நாளும் இன்றைக்குச் சொல்லிவிடுவோம் என்று போனேன். அவர் என்னைக் கண்டதும் முதலில் வயிற்றைத்தான் பார்ப்பார். "ஆடுதா?" என்பார். "ஆடுது" என்பேன். அந்த முகத்திடம் எதைச் சொல்வது? பிள்ளை பிறக்கட்டும், பிறகு சொல்லலாம் என்று இருந்தேன். மகள் முழு மாதத்தில், நல்ல எடையில் பிறந்தாள். கோலை ஊன்றிக்கொண்டு வந்து அவளைத் தூக்கிப் பார்த்தார். அந்த நேரத்தில் யாராவது சொல்வார்களா? பிறகு சொல்லலாம் என்று இருந்தேன்.

காலுக்கு ஒன்றும் பெரிய குறை இல்லை, கொஞ்சம் தாங்கித் தாங்கி நடப்பார், கிளட்ச் மிதிக்க முடியும் என்றுதான் டாக்டர் சொன்னார். காரையும் வயர்மேன் சரிசெய்து கொண்டுவந்து நிறுத்தினார். அவர் ஒரு நாள் அதில் ஏறி உட்கார்ந்தார். கியரைத் தொட்டுப் பார்த்தார். இறங்கினார். திரும்பவும் ஏறித் தொட்டுப் பார்த்தார். கடைசியில் சாவியை எடுத்துக்கொண்டு உள்ளே வந்து, "மறதிக்காரன் பத்துப் பேரை ஏத்திக்கிட்டு வண்டி ஓட்டக் கூடாது" என்றார். "அன்னைக்கு நான் ஹேண்டிலை மாட்டினதே எனக்கு ஞாபகம் இல்ல, தெரியுமா? எவ்வளவு யோசிச்சும் வரல. அப்படின்னா எனக்கு என்னமோ ஆயிடுச்சு."

ஞாபகம் வராது. நடக்காத ஒன்று எப்படி ஞாபகம் வரும்? அன்றைக்குச் சொல்லியிருக்க வேண்டும். பிள்ளை மடியில் பால் குடித்துக்கொண்டிருந்தது, எனக்கு மூன்று நாளாகத் தூக்கம் இல்லை, சொன்னால் இவர் என்னை எப்படிப் பார்ப்பார் என்று பயமாக இருந்தது. அத்தனையும் காரணம்தான், எதுவும் காரணமே இல்லை. "உடம்பு தேறட்டும், அப்புறம் பார்ப்போம்" என்றேன்.

காரை விற்றுவிட்டார். ஆணியை அவரே பிடுங்கினார், பொத்தானையும் கழற்றினார். ஒரு கிடங்கில் காவலுக்குப் போனார். இருபது வருடத்துக்கு மேல் ஒரே நாற்காலி. ஒன்றையும் மறக்காத மனிதர், வீட்டைப் பூட்டிவிட்டு நாலு எட்டு போய்த் திரும்பி வந்து பூட்டை இழுத்துப் பார்ப்பார். மறுபடி வந்து பார்ப்பார். அடுப்பை அணைத்தாயா என்று என்னைக் கேட்பார், நான் அணைத்தேன் என்றாலும் போய்த் தொட்டுப் பார்ப்பார். மகளைப் பள்ளிக்கூடத்தில் விட்டுவிட்டு, விட்டோமா என்று சந்தேகம் வந்து திரும்பிப் போன நாளும் உண்டு. அவர் சிரிப்பாகத்தான் சொல்வார், "உங்கப்பன் ஒரு மறதிக்காரன்மா" என்று. மகள் சிரிப்பாள். நான் எழுந்து போய்விடுவேன்.

அன்றைக்கு அவர் மறந்தார், அது உண்மை. கியரை எடுக்காமல் "தெக்கான்" என்றார். ஆனால் அவர் மறந்தால் தடுக்கத்தான் அந்த ஆணி இருந்தது. நான் ஹேண்டிலை மாட்டாமல் விட்டிருந்தால், "ஹேண்டில் எங்க?" என்று ஜன்னல் வழியாகக் கத்தியிருப்பேன். அவர் தலையில் தட்டிக்கொண்டு காருக்குள் எட்டிப் பார்த்திருப்பார், எல்லோரும் சிரித்திருப்போம், சாகும்வரை கார் ஓட்டியிருப்பார். இதை எத்தனை ஆயிரம் தடவை நினைத்திருப்பேன் என்று எனக்கே தெரியாது. நினைத்து நினைத்து அலுத்துவிட்டது. கடைசி நோயில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தபோதுகூட அவர் கேட்டது, "வாசக் கதவைப் பூட்டிட்டோமா?" என்றுதான். "நான் பூட்டிட்டேன்" என்றேன். சொல்ல வேண்டியதைச் சொல்லவில்லை.

மகள் புது விளையாட்டுச் சாமானைக் காட்டி முடித்து, காப்பி குடித்துவிட்டுக் கிளம்பினாள். நான் வாசல்வரை போய், காருக்கு முன்னால் போகாமல் ஓரமாக நின்றேன். அவளுக்கு அந்தக் கதை தெரியும். அப்பா சொன்ன மாதிரியே தெரியும். கண்ணாடியை இறக்கி, "பயப்படாதீங்கம்மா, நான் அப்பா மாதிரி மறக்க மாட்டேன்" என்று சிரித்தாள்.

வாயைத் திறந்தேன். "மெதுவா ஓட்டு" என்றேன்.

அவள் போனதும் உட்கார்ந்து இதை எழுத ஆரம்பித்தேன். ஹேண்டிலை ஆணியில் மாட்டியது நான். இப்போது எழுதியும் விட்டேன். மகள் இங்கிலீஷ் பள்ளிக்கூடத்தில் படித்தவள். தமிழ் நன்றாகப் பேசுவாள், வாசிக்கத் தெரியாது.